குதிகால் சோதனை மட்டும் போதாது
எலும்புப்புரை (எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை) பற்றிய ஒரு கட்டுரை, அதைக் கண்டறிய முகாம்களில் குதிகாலில் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் சோதனையே போதும் என்பதுபோல் முடிகிறது. போதாது; அது முதற்கட்ட வடிகட்டல்தான். எலும்புப்புரையை உறுதிசெய்ய இடுப்பிலும் கீழ்முதுகிலும் டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியை எக்ஸ்ரே மூலம் அளப்பது) வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதில் வரும் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை.

ஒரு சிக்கல்: முதுகெலும்புத் தேய்மானத்தில் வளரும் எலும்பு முட்களும் அடர்த்தியாகவே பதிவாகும். அதனால் முதுகின் எண் பொய்யாக நன்றாக இருக்கும். அப்போது இடுப்பு ஸ்கேனில் வரும் தொடை எலும்புக் கழுத்தின் எண்ணைப் பாருங்கள். ஸ்கேனுக்கு முந்தைய 24 மணி நேரம் கால்சியம் மாத்திரை வேண்டாம். மறுபரிசோதனையை அதே இயந்திரத்தில் எடுங்கள்.

ஒருவருக்கு லேசாக விழுந்ததற்கே இடுப்பு எலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், ஸ்கோர் -2 என்றாலும் சிகிச்சை தேவை. "பார்டர்லைன்தான்மா" என்று அப்படி முறிந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிடாதீர்கள்.