மூச்சு வாங்குகிறவர்களும் நடக்கலாம்

"நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் நடந்தால் நுரையீரல் தேய்ந்துவிடும், படுத்தே இருங்கள்" என்று மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது பிழை.

நடப்பதால் நுரையீரல் தேயாது. படுத்தே கிடந்தால் கால் தசைதான் வற்றும். அப்புறம் கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2015இல் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சியோடு கூடிய நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை மூச்சுத்திணறலையும் களைப்பையும் குறைக்கிறது என்பதே முடிவு. அதன் இணையத்தளத்தில் யாரும் வாசிக்கலாம்.

கல்லடிப் பழைய பாலத்தில் என் அப்பா விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் நிற்பார். உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல விடுவார், திரும்ப நடப்பார்.

சரி, எவ்வளவு நடப்பது? அதை உங்கள் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.