பிறந்தநாள் வந்தது, அஞ்சு பாயிண்ட் போச்சு

நண்பருக்கு 33-ஆவது பிறந்தநாள். வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டால், "வாழ்த்தை விடுங்க, அஞ்சு பாயிண்ட் போச்சு" என்று அலுத்துக்கொண்டார்.

ஆஸ்திரேலியாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். திறன்சார் பிஆர் (நிரந்தரக் குடியுரிமம்) விசாவுக்கு 25 முதல் 32 வயதுவரை 30 பாயிண்ட். 33 பிறந்ததும் 25. நாற்பதைத் தொட்டால் 15. நாற்பத்தைந்தில் கதவையே சாத்திவிடுவார்கள். கனடாவும் அப்படித்தான். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அதன் குடியேற்றத் திட்டத்தில் தனி ஆளாக விண்ணப்பித்தால் 20 முதல் 29 வயதுவரை 110 பாயிண்ட். முப்பதிலிருந்து வருடாவருடம் தேய்ந்து 45-இல் பூஜ்யம். வேலை தேடி வருகிறவர்களுக்காக ஜெர்மனி 2024 ஜூனில் கொண்டுவந்த 'வாய்ப்பு அட்டை'யில் 35 வயதுவரை 2 பாயிண்ட், 40 வரை 1, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

திறமைக்குத்தான் போட்டி என்று இந்த நாடுகள் சொல்கின்றன. அப்படியானால் 44 வயதுக்காரருக்கு அல்லவா அனுபவம் அதிகம்? எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர்கள் திறமையைக் கேட்கிறார்கள், ஆனால் வயதைத்தான் வாங்குகிறார்கள். இன்னும் எத்தனை ஆண்டு வேலை செய்து வரி கட்டுவீர்கள் என்பதுதான் கணக்கு.

ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணம் நம் பெயரில் ஓர் உண்டியலில் சேர்ந்துகொண்டிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் அப்படி இல்லை. இன்று வேலைக்குப் போகிறவர் கட்டும் பணம் இன்றைய முதியவர்களின் கைக்கே போகிறது. கட்டுகிறவர்கள் நிறையப் பேர், வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர் என்றிருந்தவரை பிரச்சினை இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏராளமாகப் பிறந்த தலைமுறை இப்போது மொத்தமாக ஓய்வு பெறுகிறது. மக்கள்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். தென்கொரியாவில் 2023-இல் அது 0.72. ஜப்பானில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

சரி, உதவித்தொகை கொடுத்துப் பிள்ளை பெறச் சொல்லலாமே? கொரியா பல ஆண்டுகளாகப் பணத்தைக் கொட்டிப் பார்த்துவிட்டது. அது பலித்தாலுமே இன்று பிறக்கும் குழந்தை வரி கட்ட இருபது வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை அரசுக்குச் செலவுதான். ஆனால் 27 வயது நர்ஸ் ஒருவர் விமானத்திலிருந்து இறங்குகிறார் என்று வையுங்கள். தடுப்பூசி, பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாவற்றுக்கும் வேறொரு நாடும் ஒரு குடும்பமும் ஏற்கெனவே செலவு செய்துவிட்டன. இங்கே முதல் மாதச் சம்பளத்திலேயே வரி பிடிக்கலாம். நட்டு நீரூற்றியவர் ஒருவர், காய் பறிப்பவர் இன்னொருவர். இப்படி ஆள் இழக்கும் சிரமத்தில் இருக்கும் 55 நாடுகளை 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டு, அங்கே போய் மருத்துவப் பணியாளர்களைத் தேடிப் பிடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டிவந்தது.

வயதைத்தான் வாங்குகிறார்கள் என்பதில் சந்தேகம் இருந்தால் பெற்றோர் விசாவைப் பாருங்கள். உங்களுக்கு 30 பாயிண்ட் தரும் அதே ஆஸ்திரேலியாவில், கட்டணம் குறைந்த பெற்றோர் விசாவுக்கு ஏறத்தாழ 30 ஆண்டு காத்திருக்க வேண்டும். எழுபது வயது அம்மாவுக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. முதியோரைப் பராமரிக்க வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தது, 2024 மார்ச்சிலிருந்து புதிதாக வருகிறவர்கள் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது என்றது, 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது.

விற்பவர் குறைவு, வாங்குபவர் அதிகம் என்றால் போட்டி வரத்தானே செய்யும்? 2023 ஜூலையில், அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களைக் குறிவைத்து 10,000 பணி அனுமதிகளுக்குக் கனடா விண்ணப்பம் வாங்கியது. இரண்டே நாளில் தீர்ந்துபோனது. இந்தியர்களுக்கான திறன் பணியாளர் விசாவை ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக்குவதாக 2024-இல் ஜெர்மனி சொன்னது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் போட, அடுத்த மாதமே இளம் அறிவியல், தொழில்நுட்பத் துறையினருக்கான சீனாவின் கே விசா நடைமுறைக்கு வந்தது. எனக்குப் பிடித்த வேடிக்கை இத்தாலிதான். வெளியாட்கள் வரவைக் கட்டுப்படுத்துவோம் என்று முழங்கி ஆட்சிக்கு வந்த பிரதமர் மெலோனியின் அரசு, 2023 முதல் 2025 வரை நாலரை லட்சம் வேலை விசாக்களுக்கு அனுமதி கொடுத்தது. மேடையில் ஒரு பேச்சு, கோப்பில் வேறு கையெழுத்து.

அதற்காக இந்த ரத்தினக் கம்பளம் எப்போதும் விரித்தபடியே இருக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. வீட்டு வாடகை எகிறியதும் கனடா 2025-இல் நிரந்தரமாகக் குடியேற்ற நினைத்தவர்களின் இலக்கை ஐந்து லட்சத்திலிருந்து 3,95,000 ஆகக் குறைத்துவிட்டது. இன்னொன்று, போகிறவர்களுக்கும் வயதாகும். இன்று 27-இல் போகிறவர் 2060-இல் அறுபதைத் தாண்டியிருப்பார். அவருடைய ஓய்வூதியத்துக்கு அப்போது வேறு ஓர் இளைஞரைத் தேட வேண்டும். எங்கே போய்த் தேடுவார்கள்? சீனாவின் மக்கள்தொகை 2022 முதல் குறைகிறது. இந்தியாவிலும் குழந்தைப் பிறப்பு 2.1-க்குக் கீழே வந்தாயிற்று.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுதி, பாயிண்டைக் கூட்டிக்கொள்ளலாம் என்று பார்க்கிறார். கூடவே ஜெர்மன் வகுப்பிலும் சேர்ந்துவிட்டார். அது எதற்கு என்று கேட்டேன்.

"அங்கே எனக்கு இன்னும் வயசாகலை" என்றார்.