“பழகிப் போயிருக்கும்” என்று சொன்னவருக்கு

அந்த மீன் புழு வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வயிற்றைக் கீறியதும் உள்ளே சுருண்டு கிடந்த வெள்ளைப் புழுக்கள், அதற்குக் கீழே “இனி வாழ்க்கையில் மீன் தொட மாட்டேன்” என்று வரிசையாகக் கமெண்ட்கள். பயப்படுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நன்றாக வேகவைத்தால் அந்தப் புழு செத்துப்போகும், நம் வீட்டுக் குழம்பு கொதிக்கிற கொதியில் அது பிழைக்காது, அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. எனக்கு ஆறாதது வேறு ஒன்று. ஒரு பெண் மட்டும், “தினமும் இதை வெட்டுறவங்க பாடு என்ன?” என்று கேட்டிருந்தார். அதற்கு ஒருவர் போட்ட பதில்: “அவங்களுக்கெல்லாம் பழகிப் போயிருக்கும்.” அந்தப் பதிலுக்குத்தான் அத்தனை லைக்.

பழகாது. மீனும் இறாலும் நண்டும் அறுக்கிற, உரிக்கிற, வேகவைக்கிற உடம்புகளில் பலவற்றுக்கு நடப்பது இதற்கு நேர் எதிரானது. ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. அந்தப் புரதம் தோல் வெடிப்பு வழியாகவும் மூச்சு வழியாகவும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டே இருக்க, உடம்பு அதைப் பகையாகக் குறித்துக்கொண்டு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் சேர்த்துவைக்கிறது. அப்புறம் ஒருநாள் தடிப்பு, தும்மல், மூச்சிரைப்பு. பத்து வருடம் ஒன்றும் ஆகாமல் வேலை பார்த்தவருக்குப் பதினோராவது வருடம் வரலாம். தொடத் தொடத்தான் இந்த நோயே உருவாகிறது.

என் அம்மா தூத்துக்குடியில் இறால் கம்பெனியில் உரிக்கும் வேலை பார்த்தவர். ஐஸ் தண்ணீரில் கிடக்கும் இறாலை எடுத்துத் தலை கிள்ளி, ஓடு உரித்து, குடல் நரம்பை இழுத்துப் போட வேண்டும். கிலோ கணக்கில்தான் கூலி, அதனால் கை நிற்கவே கூடாது. நடுநடுவே குளோரின் தண்ணீரில் கை முக்க வேண்டும், இறால் சுத்தமாக இருக்க வேண்டுமே. முதலில் விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. சேத்துப்புண் என்று சொல்லி மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டார். அப்புறம் முழங்கை வரை தடிப்பு. அதற்கப்புறம் இறால் அவிக்கும் பக்கம் போனாலே இருமல், ராத்திரியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

ஆஸ்பத்திரியில் வீசிங் என்றார்கள். நெபுலைசர் வைத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் தூசியைக் கேட்டார்கள், பூனை வளர்க்கிறீர்களா என்றுகூடக் கேட்டார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடல் இறால் வரத்து நின்றுவிடும், ஷெட்டில் வேலை இருக்காது, வீட்டில் காசும் இருக்காது. அந்த நாட்களில்தான் அம்மா மூச்சுத் திணறாமல் படுத்துத் தூங்குவார். படகு போக ஆரம்பித்ததும் மறுபடியும் இரைப்பு. கடைசியில் மேஸ்திரியிடம் சொன்னபோது, “ஒத்துக்கலைன்னா வீட்ல இருந்துக்கோங்க” என்றார்கள். அம்மாவும் நின்றுவிட்டார்.

“பழகிப் போயிருக்கும்” என்கிறவருக்கு இது ஏன் புரியவில்லை என்றால், அவர் பார்ப்பது இன்னும் வேலையில் இருப்பவர்களை மட்டும்தான். மூச்சு முட்டியவர்களும் கை புண்ணானவர்களும் எப்போதோ நின்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களைக் காட்டி, பாருங்கள் இவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறோம்.

ஏதோ அம்மா பாசத்தில் எழுதுகிறான் என்று சிலர் சொல்வீர்கள். சரி, அம்மாவை விட்டுவிடுங்கள். 1980-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்காட்லாந்து ஆய்வு இருக்கிறது. அழுத்தக் காற்றைப் பீய்ச்சி இறால் சதையை ஓட்டிலிருந்து பிரிக்கும் தொழிற்சாலை அது. 50 பேரில் 18 பேருக்கு ஆஸ்துமா அறிகுறி. 1984-இல் கனடாவின் கியூபெக்கில் பனி நண்டு பதப்படுத்தும் தொழிலாளர்கள் 303 பேரைச் சோதித்தபோது, 15 சதவீதத்துக்கும் மேல் வேலையால் வந்த ஆஸ்துமா உறுதியானது. 2001-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தார்கள். கடல் உணவுத் தொழிலில் ஆஸ்துமா 7 முதல் 36 சதவீதம், தோல் அழற்சி 3 முதல் 11 சதவீதம். இறாலில் பகையாவது எது என்று கண்டுபிடித்ததில் நம் ஆட்களுக்கே பெரிய பங்கு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சுப்பா ராவ் குழுவினர் நம் கடல் வெள்ளை இறாலை வைத்துத்தான் ஆராய்ந்தார்கள். அந்தப் புரதத்தின் பெயர் ட்ரோபோமயோசின் என்பது 1993-இல் வெளிவந்தது. கொதிக்கவைத்தாலும் அது அழியாது. நம் இறாலை வைத்து உலகத்துக்கே சொன்னோம், நம் ஊர் ஷெட்டுக்குள் மட்டும் சொல்லவில்லை.

புழு விஷயத்துக்கு வருகிறேன். அனிசாகிஸ் என்ற வகைப் புழு திமிங்கிலம், டால்பின் வயிற்றில் வளர்ந்து, சின்னக் கூனிகள் வழியாக மீனுக்குள் போய்ச் சுருண்டுகொள்வது. பச்சை மீன் சாப்பிடும் நாடுகளில் இதற்கு எவ்வளவு ஏற்பாடு தெரியுமா? ஹெர்ரிங் என்ற மீனைப் பச்சையாகச் சாப்பிடும் நெதர்லாந்தில் 1968-லேயே மீனை உறையவைத்த பிறகுதான் விற்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஐரோப்பிய விதிப்படி மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம். அதெல்லாம் சாப்பிடுகிறவரின் வயிற்றுக்கான காவல். புழு செத்தாலும் அதன் புரதத்தில் சில அப்படியே இருக்கும், ஒவ்வாமை வந்துவிட்டவருக்கு அதுவே போதும். தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பகுதியில் இரண்டு மீன் தொழிற்சாலைகளில் 578 தொழிலாளர்களைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். மீனுக்கு ஒவ்வாமை காட்டியவர்கள் 6 சதவீதம், மீனுக்குள் இருக்கும் இந்தப் புழுவுக்குக் காட்டியவர்கள் 8 சதவீதம். புழுவுக்கு எதிர்வினை காட்டியவர்களிடம் மூச்சுக்குழல் கோளாறும் தோல் அழற்சியும் சேர்ந்தே இருந்தன. அதிகம் மீன் சாப்பிடுகிறவர்களிடம் இது கூடுதலாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மீன் அறுக்கிற கூலிக்காரர் வீட்டில் மீனைத் தவிர வேறு என்ன கறி ஆக்குவார்கள்?

“கையுறை போட்டுக்கலாமே” என்று அடுத்து வருவீர்கள். போட்டுத்தான் பார்த்தார்கள். இறால் ஓட்டின் கூர்மை குத்திக் கிழித்து உள்ளே தண்ணீர் இறங்கிவிடும், பிறகு நாள் முழுக்கக் கை அந்த ஈரத்திலேயே வேகும். ரப்பர் உறையே சிலருக்குத் தடிப்பைக் கொண்டுவரும். கிழிந்ததை மாற்றப் புது உறை வேண்டும், மாற்றுகிற நேரத்துக்குக் கூலி இல்லை. சரி, கைக்கு உறை, மூச்சுக்கு? அவிக்கிற ஆவியும், குழாயை அழுத்திப் பீய்ச்சித் தரை கழுவும்போது கிளம்பும் சாரலும், மீன்மாவு அரைக்கிற தூசியும் நேராக நெஞ்சுக்குள் போகின்றன. ஆவியை வெளியே இழுக்கும் ஃபேன் வைக்க வேண்டியது யார்?

“ஏற்றுமதித் தொழிலைக் கெடுக்காதீங்க” என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். அவருக்கு ஒன்று மட்டும். கப்பல் ஏறும் இறாலில் குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்து இருக்கிறதா என்று லேபில் சோதிக்கிறார்கள். வாங்குகிற நாடு கேட்கிறது, அதனால் செய்கிறோம். அந்த இறாலை உரித்த கையைச் சோதிக்கச் சொல்லி எந்த நாடும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. 2010-இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலேயே வேலையிடத்துப் பொருளால் வரும் ஆஸ்துமா இருக்கிறது. இதைக் கேட்டால் தொழில் கெட்டுவிடும் என்றால், எங்கள் வீட்டுப் பெண்களின் நுரையீரலில்தான் அந்தத் தொழில் நிற்கிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

எல்லோருக்கும் வருவதில்லை, உண்மைதான். நூறு பேரில் எத்தனை பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதைப் பேசலாம் என்று நீங்களே ஓர் எண் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்க விருப்பம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். அம்மா வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை போகாது. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் இதைப் பார்த்திருக்கிறேன். உரித்துக் கழுவிய இறால் பாக்கெட்டில் வீடு தேடி வர வேண்டும், உரித்தவர் மட்டும் பக்கத்தில் உட்காரக் கூடாது. அந்தக் கமெண்டைப் படித்தபோது எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வந்தது. அவர்களுக்குப் பழகிவிடும் என்று சொல்பவர், அவர்கள் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு என்று நம்புகிறார். எனக்கு வலித்தது அதுதான்.

இதைப் படிப்பவர்களில் ஷெட்டில், மீன் மார்க்கெட்டில், கருவாட்டுக் களத்தில் வேலை பார்ப்பவர்கள், அவர்களின் பிள்ளைகள் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். தடிப்போ இரைப்போ வேலை நாளில் கூடி, லீவு நாளில் குறைகிறதா என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் இறால் உரிக்கிறேன், மீன் அறுக்கிறேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள், சீட்டில் அதை எழுதச் சொல்லுங்கள். உதடு வீங்கினாலோ தொண்டை அடைத்தாலோ ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். எழுதிக் கொடுக்க ஆள் இல்லை என்றால் எனக்கு மெசேஜ் அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.