மிதப்பதற்குத் தண்ணீர் வேண்டாமா?

மூன்று நாட்களாக நம் தெருக் குழுவில் சுற்றும் அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நம் சேலத்துத் திருமணிமுத்தாற்றின் நடுவே மிதக்கும் ஹெலிகாப்டர் தளம். ஆறு முழுக்க நீலத் தண்ணீர்! "தண்ணீர் எங்கே?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். கூடவே "வளர்ச்சிக்கு எதிரி" என்ற பட்டம்.

நான் ஹெலிகாப்டருக்கு எதிரி அல்ல. லண்டனில் தேம்ஸ் கரையில் பேட்டர்ஸீ தளம் 1959 முதல் இருக்கிறது. தாழப் பறக்கும்போது இயந்திரம் நின்றுபோனால் கீழே வீடுகள் இருக்கக்கூடாது, அதற்காகத்தான் ஆற்றைத் தேடுகிறார்கள். அதற்கு ஆறு அகலமாக இருக்க வேண்டும். மிதவை தரை தட்டாமலிருக்க ஆழமும் வேண்டும். ஆனந்தா பாலத்தில் நின்று எட்டிப் பாருங்கள், இரண்டில் எது இருக்கிறது? விசிறிக் காற்று அடித்தால் சாயக்கழிவு நுரை சுகவனேசுவரர் கோயில் வரை பறக்கும். தீர்த்தம் என்று தெளித்துக்கொள்ளலாம்.

"பாரிஸில் செய்தார்களே?" என்கிறார் ஒரு அண்ணன். 2024 ஒலிம்பிக்குக்காக, சேன் நதியில் மிதவைத் தளம் வைத்து, ஹெலிகாப்டர்போல நேராக எழும்பும் பறக்கும் டாக்சி விடத் திட்டமிட்டார்கள். மாநகர மன்றமே எதிர்த்தது. டாக்சிக்குச் சான்றிதழ் உரிய காலத்தில் வரவில்லை. கட்டணம் கொடுத்து ஒருவர்கூடப் பறக்கவில்லை. வண்டியைச் செய்த வோலோகாப்டர் அந்த டிசம்பரிலேயே திவால் மனு கொடுத்தது. இத்தனைக்கும் சேனில் ஓடுவது தண்ணீர்.

"ஏற்காட்டில் உயிருக்குப் போராடுபவனுக்கு?" இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்க வேண்டாம். என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தது மலைமேல்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளை நான் குறை சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வரவே ஒன்றரை மணி நேரம். வந்த வண்டியில் ஆக்சிஜன் உருளை காலி. பாதி மலை இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. ஹெலிகாப்டர் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ, மறுக்கவில்லை. ஆனால் அது இறங்க மேலே ஒரு பள்ளி மைதானம் போதும், கீழே மருத்துவமனை அருகே ஒரு பொட்டல் போதும். இதில் ஆறு எங்கே வந்தது?

காமலாபுரத்தில் தரையில் இருக்கும் சேலம் விமான நிலையமே 2021க்குப் பிறகு 2023 அக்டோபர் வரை பயணிகள் விமானம் இல்லாமல் கிடந்தது. அப்போது யாரும் படம் வரையவில்லை. ஆற்றைத் தூர்வாருங்கள், சாயக்கழிவை நிறுத்துங்கள் என்று எத்தனை பதிவு போட்டிருப்பேன்! அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மைகூட விழுந்ததில்லை.

இப்போது பொம்மை போட்டவர்களில் என் தம்பியும் ஒருவன். அதுதான் தாங்கவில்லை. அவன் வீட்டுக் கொல்லைக் கதவு ஆற்றைப் பார்த்தது. நாற்றத்துக்குப் பயந்து ஆறு வருடமாக அதைத் திறந்ததில்லை, தாழ்ப்பாள்கூடத் துருவேறிவிட்டது.