ஓராண்டுக்குள் வந்து போன மூன்று விதார்த் படங்கள்

2024 ஜூனில் 'மகாராஜா' வெளியாகி ஊரெங்கும் பேசப்பட்டபோது, அதன் இயக்குநர் நித்திலன் சுவாமிநாதன் யார், இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று பலர் வியந்து எழுதினார்கள். அவர் எங்கும் போய்விடவில்லை. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவருடைய முதல் படமான 'குரங்கு பொம்மை' தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், பார்த்தவர்கள் அடுத்தவர்களிடம் சொன்னார்கள், ஆனால் அந்தப் பேச்சு பரவுவதற்குள் காட்சிகள் குறைந்துவிட்டன. 'மகாராஜா'வைக் கொண்டாடிய நண்பர்களிடம் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டால், இன்றைக்கும் பாதிப் பேர் பெயரை மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

'குரங்கு பொம்மை'யின் நாயகன் விதார்த். அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 2016 செப்டம்பர் 2ஆம் தேதி, மணிகண்டன் இயக்கத்தில் அவர் நடித்த 'குற்றமே தண்டனை' வெளியானது. இரண்டுக்கும் நடுவில், 2017இன் மத்தியில், சுரேஷ் சங்கையா இயக்கிய 'ஒரு கிடாயின் கருணை மனு' வந்தது. ஒரே நடிகர், ஓராண்டு இடைவெளிக்குள், மூன்று வெவ்வேறு இயக்குநர்களோடு செய்த இந்த மூன்று படங்களும் கடந்த பத்தாண்டுகளின் தமிழ்ப் படங்களில் மிகக் குறைவாக மதிக்கப்பட்டவை என்பது என் உறுதியான எண்ணம். இவற்றை ஒரு வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட படங்களைப் பரிந்துரைப்பவர்கள் வழக்கமாக 'மெதுவாகத்தான் போகும், பொறுமையாகப் பாருங்கள்' என்று ஒரு முன்னெச்சரிக்கையோடு தொடங்குவார்கள். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் அந்த வார்த்தையே படத்தைக் கொன்றுவிடுகிறது. இந்த மூன்றும் பொறுமையைச் சோதிப்பவை அல்ல. ஒன்று கொலை மர்மம், ஒன்று கறுப்பு நகைச்சுவை, ஒன்று பழிவாங்கும் கதை. 'குற்றமே தண்டனை' முழுதாக இரண்டு மணி நேரம்கூட ஓடாது. தாராளமாக எதிர்பார்ப்போடு உட்காரலாம்.

மூன்றுக்கும் பொதுவான சரடு ஒன்று இருக்கிறது. நம் படங்களில் குற்றம் செய்பவன் பெரும்பாலும் தொடக்கத்திலேயே கெட்டவனாக அறிமுகமாகிறான். நாயகன் அவனைத் தேடிப் பிடிக்கிறான். இந்த மூன்றிலோ, அதுவரை ஒழுங்காக இருந்த, நம் வீட்டுப் பக்கத்தில் குடியிருக்கக்கூடிய ஒருவர், பணமோ பயமோ விசுவாசமோ நெருக்கும்போது தவறின் பக்கம் ஓரடி எடுத்து வைக்கிறார். அந்த ஓரடியை அவர் தனக்குத்தானே எப்படி நியாயப்படுத்திக்கொள்கிறார் என்பதுதான் கதை.

'குற்றமே தண்டனை'யில் இது மிகக் கூர்மையாக இருக்கிறது. 'காக்கா முட்டை' என்ற முதல் படத்திலேயே தேசிய விருதும் வசூலும் பெற்ற மணிகண்டன், அடுத்து அதே மாதிரி மனதை வருடும் ஒரு படத்தைத் தருவார் என்று எல்லோரும் காத்திருந்தபோது, இப்படி இருண்ட ஒரு படத்தைக் கொடுத்தார். விதார்த் ஏற்றிருக்கும் ரவி, கிரெடிட் கார்டு பாக்கி வசூலிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் பக்கப் பார்வை இல்லை. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். மீதிப் பார்வையும் போய்விடாமல் இருக்க வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் பணம் வேண்டும். இந்த நிலையில், எதிர் வீட்டில் இருக்கும் ஓர் இளம்பெண் கொல்லப்படுகிறாள். அந்த வீட்டிலிருந்து ஒருவர் வெளியேறுவதை ரவி பார்த்துவிடுகிறான். பார்வை போய்க்கொண்டிருக்கும் ஒருவன்தான் ஒரே சாட்சி. அவனிடம் இப்போது விற்பதற்கு ஒரு பொருள் இருக்கிறது: அவனுடைய மௌனம்.

ஒளிப்பதிவும் மணிகண்டனே. ரவியின் பார்வையைக் காட்டும்போது சட்டகத்தின் நடுவே ஒரு வட்டம் மட்டும் துலங்க, சுற்றிலும் இருள் சூழ்ந்துகொள்கிறது. வெறும் தொழில்நுட்ப வித்தையாக முடிந்திருக்கக்கூடிய இந்த உத்தி, போகப் போக அவன் மனநிலையின் வடிவமாகிவிடுகிறது. தனக்கு வேண்டிய தொகை ஒன்றுதான் அவன் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கவாட்டில் யார் அழிகிறார்கள் என்பது தெரிவதில்லை. விதார்த்தின் உடல்மொழியைக் கவனித்துப் பாருங்கள். யாராவது கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பாமல் முழுத் தலையையும் திருப்புகிறார். நடக்கும்போது அந்த நடையிலேயே ஒரு தயக்கம் இருக்கிறது. நோயாளி என்பதை அழுதோ புலம்பியோ அவர் காட்டுவதே இல்லை. பேரம் பேசும் காட்சிகளில் குரலை உயர்த்தாமல், வசூல் அலுவலகத்தில் பழகிய அதே நிதானத்தோடு பேசுகிறார். ரகுமான், நாசர், குரு சோமசுந்தரம், ஐஸ்வர்யா ராஜேஷ், பூஜா தேவரியா என்று சுற்றியிருக்கும் அத்தனை பேரும் கதைக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு துளிகூட நடிக்கவில்லை. பாடல்களே இல்லாத இந்தப் படத்தில் இளையராஜாவின் பின்னணி இசை, எங்கே பேச வேண்டும், எங்கே ஒதுங்க வேண்டும் என்று அறிந்து நடக்கிறது. கடைசிப் பகுதி சற்று அவசரமாக விளக்கிவிடுகிறது என்பது ஒரு குறைதான். ஆனாலும் தலைப்பின் முழுப் பொருள் அங்கேதான் நமக்குப் புரிகிறது. அதனால் முடிவை இங்கே எழுத மாட்டேன், நீங்களும் தேடிப் படித்துவிடாதீர்கள்.

இந்தப் படம் வந்து மூன்று வாரத்தில் அதே மணிகண்டனின் 'ஆண்டவன் கட்டளை' வெளியானது. விஜய் சேதுபதி நடித்த, எல்லோருக்கும் பிடித்த அந்த நல்ல படத்தின் வெளிச்சத்தில் இது மறைந்துபோனது. அதற்கு முன்பே, வெளியாகி ஆறு நாளில் விக்ரம் நடித்த 'இருமுகன்' வந்து அரங்குகளை எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டின் கதையும் இதுதான். 'குரங்கு பொம்மை', அஜித் நடித்த 'விவேகம்' வெளியாகி எட்டு நாள் கழித்து வந்தது. 'கிடாய்' வந்தபோது 'பாகுபலி'யின் இரண்டாம் பாகம் வெளியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இதில் யாருடைய சதியும் இல்லை. வெள்ளிக்கிழமை வரும் படத்தின் தலையெழுத்து திங்கட்கிழமைக்குள் முடிவாகிவிடும் ஓர் ஏற்பாட்டில், பெரிய விளம்பரம் இல்லாத படத்துக்கு வாய்மொழிப் பாராட்டு வந்து சேரும்போது, பார்க்கக் காட்சி இருப்பதில்லை. படம் தோற்றது என்று நாம் சொல்லும்போது, பலமுறை அது பார்க்கப்படவே இல்லை என்பதுதான் உண்மை.

மணிகண்டனிடம் 'காக்கா முட்டை'யில் பணியாற்றியவர் சுரேஷ் சங்கையா. 'ஒரு கிடாயின் கருணை மனு'வில் புதிதாகத் திருமணமான ஒரு ஜோடி, குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்ட ஊர் சனத்தோடு லாரியில் புறப்படுகிறது. அண்டா குண்டா, அரிசி, பருப்பு, சமையல்காரர், குடிப்பவர்கள், குறை சொல்பவர்கள், சண்டை போட்டுக்கொண்டே கூட வருபவர்கள் என்று ஒரு கிராமமே வண்டியில் ஏறியிருக்கிறது. கூடவே வெட்டப்படப்போகும் கிடாயும் இருக்கிறது. வழியில் லாரியில் அடிபட்டு ஒருவர் இறந்துபோகிறார். சந்தோஷமாகப் பொங்கல் வைக்கப் போன கூட்டம், ஒரு பிணத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நடுவழியில் நிற்கிறது.

இதற்குப் பிறகு நடப்பதைச் சிரிக்காமல் பார்க்க முடியாது. சிரித்துவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஒவ்வொரு யோசனையும் முந்தியதைவிடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய்விடுகிறது. யாரும் கொடியவர்கள் இல்லை. புது மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது என்ற பாசம்தான் அவர்களை இயக்குகிறது. அந்தப் பாசமே, இறந்து கிடப்பவனுக்கும் ஒரு வீடு இருக்கும் என்பதை மறக்கச் செய்கிறது. கட்டிக் கிடக்கும் கிடாயின் உயிரும் அந்த மனிதனின் உயிரும் கதைக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன. இயக்குநர் ஓரிடத்திலும் அதைச் சுட்டிக்காட்டி உபதேசம் செய்யவில்லை. அதற்காகவே அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இங்கே விதார்த் செய்திருப்பது இன்னும் அரிய காரியம். நாயகனாக இருந்துகொண்டே, அந்தக் கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துவிடுகிறார். பல காட்சிகளில் மற்றவர்கள்தான் பேசுகிறார்கள். அவர் ஓரத்தில் குற்ற உணர்வோடு நிற்கிறார். கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு வழியாக வந்தவர் என்பது இந்த இடங்களில் நன்றாகத் தெரிகிறது. ரவீனா ஏற்றிருக்கும் புது மணப்பெண், கணவனையும் கணவன் ஊரையும் ஒரே நாளில் முழுதாகத் தெரிந்துகொள்ளும் அந்தப் பார்வையும் மறக்கக்கூடியதல்ல. வக்கீல் வந்த பிறகு படம் கொஞ்சம் வட்டமடிக்கிறது. ஆனால் எழுதி ஒப்பிக்காத, உண்மையான ஊர்ப்பேச்சு அந்தத் தொய்வைத் தாங்கிக்கொள்கிறது. சுரேஷ் சங்கையா 2024 நவம்பரில், இன்னும் எவ்வளவோ செய்திருக்க வேண்டிய வயதில், இறந்துபோனார். அஞ்சலிப் பதிவுகளில் இந்தப் படத்தைப் பற்றி எழுதப்பட்ட நல்ல வார்த்தைகளில் பாதியாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது எழுதப்பட்டிருந்தால், அவருக்கு அடுத்தடுத்த படங்கள் எளிதாக அமைந்திருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

'குரங்கு பொம்மை'யில் மையம் விதார்த்தின் அப்பா. அந்த வேடத்தில் பாரதிராஜா. 1977இல் '16 வயதினிலே' எடுத்து தமிழ் சினிமாவை வயற்காட்டுக்கு அழைத்துப்போனவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த இளம் இயக்குநரின் கையில் தன்னை முழுதாக ஒப்படைத்திருக்கிறார். சுந்தரம் என்ற அந்தப் பெரியவர், சிலை கடத்தும் முதலாளி ஒருவரிடம் கேள்வி கேட்காமல் விசுவாசமாக இருக்கிறார். குரங்குப் படம் போட்ட ஒரு சாதாரணப் பையில் கோடிக்கணக்கான மதிப்புள்ள சிலையை வைத்துச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். சென்னையில் கார் ஓட்டும் மகன் கதிருக்கு அப்பாவின் சகவாசம் பிடிக்கவில்லை. அந்தப் பை கைமாறிக் கைமாறி மகனிடமே வந்து சேர்கிறது.

'மகாராஜா'வில் காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப்போட்டு, ஒரு குப்பைத் தொட்டியைச் சாக்காக வைத்து, உண்மையான துயரத்தைக் கடைசிவரை ஒளித்துவைத்த அந்த முறை முழுவதும் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. சிறிய செலவில், இன்னும் நெருக்கமாக இருக்கிறது. குமரவேலும் பாரதிராஜாவும் எதிரெதிரே அமர்ந்து பேசும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. தன்னிடம் பேசிக்கொண்டிருப்பவன் எப்படிப்பட்டவன் என்பது அந்தப் பெரியவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறைக்கிறது. அந்த முகம் மாறிக்கொண்டே வருகிறது. வெட்டும் குத்தும் நிறைந்த எத்தனையோ படங்கள் தராத நடுக்கத்தை அந்த இரண்டு முகங்கள் தருகின்றன. குமரவேல் போன்ற ஒரு நடிகரை நம் சினிமா எவ்வளவு குறைவாகப் பயன்படுத்தியிருக்கிறது என்ற ஆதங்கமும் அங்கே சேர்ந்துகொள்கிறது. காதல் பகுதி பலவீனமானது. கதைக்கு அது தேவையும் இல்லை. பின்னர் வரும் வன்முறை எல்லோராலும் தாங்கக்கூடியதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2010இல் 'மைனா' ஓடியபோது சுருளியாக வந்த விதார்த்தை அடுத்த பெரிய நாயகன் என்றார்கள். அந்தப் பாதையில் அவர் போகவில்லை, அல்லது போக வாய்க்கவில்லை. ஆனால் தோற்பவனாக, தவறு செய்பவனாக, கூட்டத்தில் ஒருவனாக நிற்கச் சம்மதிக்கும் ஒரு நாயகன் இருந்ததால்தான் இந்த மூன்று கதைகளும் படமாக முடிந்தன. 2023இல் 'இறுகப்பற்று' பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாக நடிக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டவர்கள், அந்த ஆச்சரியத்தை ஏழாண்டுகளுக்கு முன்பே அடைந்திருக்கலாம்.

'கிடாயின் கருணை மனு'வை வீட்டில் எல்லோரோடும், குறிப்பாக ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் இருக்கும்போது பாருங்கள். அவர்கள் கூடவே கதை சொல்லுவார்கள். 'குற்றமே தண்டனை'யைத் தனியாகவோ, முடிந்ததும் வாதிடக்கூடிய ஒரு நண்பரோடோ, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். 'குரங்கு பொம்மை'யைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள். பார்த்து முடித்ததும், நன்றாக இல்லை என்றாலும் பரவாயில்லை, உங்கள் சமூக வலைதளப் பக்கத்தில் நாலு வரி எழுதுங்கள். நித்திலனுக்கும் மணிகண்டனுக்கும் விதார்த்துக்கும் அடுத்து வரும் படங்கள் இருக்கின்றன.