கேரளா லாட்டரி வேறு, மூணு நம்பர் சீட்டு வேறு

கேரள அரசு ஓணத்துக்கு நடத்தும் திருவோணம் பம்பர் லாட்டரியில், 2023-ல் முதல் பரிசு 25 கோடி, கேரள எல்லையிலுள்ள வாளையாறில் வாங்கிய டிக்கெட்டுக்கு விழுந்தது. கூட்டாக வாங்கியவர்கள் திருப்பூர் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர். நல்லது, நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த முறை விற்றது 75 லட்சம் டிக்கெட்டுக்கும் மேல், ஒவ்வொன்றும் 500 ரூபாய். முதல் பரிசு அத்தனையிலும் ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான். 25 கோடியும் முழுசாகக் கைக்கு வராது. ஏஜெண்ட் கமிஷன் 10 சதவீதம், மீதியில் வரி 30 சதவீதம் போனால் 15.75 கோடி. சர்சார்ஜ், செஸ் என்று வரி மேல் வரும் வரிகள் தனி.

இதெல்லாம் தெரிந்து ஓணத்துக்கு ஒரு டிக்கெட் வாங்குகிறவரை நான் குறை சொல்லமாட்டேன். என் கோபமெல்லாம் நம் ஊரில் விற்கிற மூணு நம்பர் சீட்டு மேல்தான்.

தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. ஆனாலும் கேரளாவின் மதியம் மூன்று மணிக் குலுக்கலில் வரும் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத் துண்டுச்சீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் சூதாட்டம் நடக்கிறது. கேரள அரசுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். நியாயமான ஆட்டம் என்றால் 100 ரூபாய் கட்டியவருக்கு ஒரு லட்சம் தரவேண்டும். தரவே மாட்டார்கள். அந்த வித்தியாசம்தான் அவர்கள் பிழைப்பு. நம்பர் விழுந்தும் பணம் தராமல் இழுத்தடித்தால் நீங்கள் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? தினக்கூலியில் பாதியை இதில் விடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே இதனால் அழிந்ததை மறந்துவிட்டோமா?

அப்புறம் இந்த 'கெஸ்ஸிங்' குரூப்கள். நேற்று 4 வந்தது, அதனால் இன்று 7 வரும் என்று சார்ட் போட்டுக் காசு வாங்குகிறார்கள். நேற்றைய எண் இன்றைய குலுக்கலை எந்த வகையிலும் தொடாது. உண்மையிலேயே தெரிந்தவன் உங்களுக்கு ஏன் விற்கிறான்?

கேரளா லாட்டரி காகித டிக்கெட் மட்டும்தான், ஆன்லைன் விற்பனை கிடையாது. போனில் டிக்கெட் அனுப்புகிறேன் என்பவன் ஏமாற்றுக்காரன். 'பரிசு விழுந்திருக்கிறது, முதலில் வரியைக் கட்டுங்கள்' என்றாலும் அப்படித்தான். வரியைப் பரிசுப் பணத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். நேரில் போய் வாங்கியவர்கள் டிக்கெட்டின் பின்னால் கையெழுத்து போட்டு, பெயர் முகவரி எழுதி வையுங்கள். பரிசு விழுந்தால் குலுக்கல் நடந்த 30 நாட்களுக்குள் டிக்கெட்டை ஒப்படைக்கவேண்டும்.