டிராக்‌ஷன் பற்றி ஒரு சிறு திருத்தம்

இடுப்பில் பட்டை கட்டி, கால்மாட்டில் எடையைத் தொங்கவிட, நாயகன் கட்டிலோடு வழுக்கிக்கொண்டே போகும் நகைச்சுவைக் காட்சிக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால், நாள்பட்ட முதுகுவலிக்கு, எடையால் முதுகெலும்பை இழுத்துவைக்கும் அந்த டிராக்‌ஷன்தான் மருத்துவ உலகம் பரிந்துரைக்கும் வழி என்று நண்பர் ஒருவர் இங்கே எழுதியிருப்பது சரியல்ல. குறிப்பிட்ட நோய்க்காரணம் புலப்படாத நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கு அதைத் தவிர்க்கவே சொல்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி. (இடுப்புப் பெல்ட்டும் அதே பட்டியலில்தான்!) மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2016-லேயே டிராக்‌ஷன் வேண்டாம் என்றுவிட்டது. இரண்டு ஆவணங்களும் அந்தந்த இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; திறந்து, டிராக்‌ஷன் என்ற சொல்லை ஆங்கிலத்தில் (traction) தேடினால் அந்த வரி கண்ணில் படும். மருத்துவர் சொல்லி ஏற்கெனவே எடுத்துக்கொள்பவர்கள், நிறுத்துமுன் அவரிடமே கேட்டுவிடுங்கள்.